கவிதையில் ஒரு சொல் மீண்டும் வரும்போது: படிப்பவர்க்கும் எழுதுபவர்க்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று எண்ணும் நன்னூல், அவற்றுள் ஒன்றாகக் "கூறியது கூறல்" என்பதையும் வைத்திருக்கிறது. அந்தத் தமிழில்தான் ஒரே சொல்லைப் பாட்டுக்குப் பாட்டு ஈற்றில் நிறுத்தும் பதிகங்களும், முடிந்த சொல்லிலேயே அடுத்த பாட்டைத் தொடங்கும் அந்தாதிகளும் நூற்றுக்கணக்கில் பிறந்தன. உரையாசிரியர்கள் இந்த முரணை எளிதாகத் தீர்த்தார்கள்: மீண்டும் கூறுவது வேறொரு பொருளைத் தருமாயின் அது குற்றமாகாது. அப்படியானால், ஒரு கவிதையில் திரும்ப வந்த சொல் வேறொரு பொருளைத் தந்ததா, வெறுமனே இடத்தை அடைத்ததா என்று கண்டுபிடிக்கும் வழி என்ன என்பதே கேள்வி.

அதற்கு என் விடை இது. திரும்ப வரும் சொல் நட்ட இடத்தில் நிற்கும். அதைச் சுற்றியிருப்பவை இடம் மாறும். எவ்வளவு மாறின என்பதை அந்த நிற்கும் சொல்லை வைத்துத்தான் அளக்க முடியும். ஆகையால் திரும்பக் கூறலை ஆராய்கிறவர் பார்க்க வேண்டியது பெரும்பாலும் திரும்பாதவற்றையே. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு கருத்தைக் கொண்டு அமைந்தவை.

எடுத்துக்காட்டுகளை இயன்றவரை கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறேன். இதில் ஊர்ப்பற்று கொஞ்சம் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் திருவதிகையும் திருப்பாதிரிப்புலியூரும் வடலூரும் ஒரு மாவட்டத்திற்குள் இருக்க, பாரதி 1908 முதல் 1918 வரை வாழ்ந்த நகரமும், பாரதிதாசன் 1891இல் பிறந்த நகரமும் பக்கத்திலேயே இருக்க, வெளியே போய்த் தேட வேண்டிய தேவை அதிகமில்லை.

முதற்படி: வாய்விட்டுப் படித்துக் குறியிடுதல்

கவிதையை இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள். முதல் முறை நிறுத்தாமல் படியுங்கள்; இரண்டாம் முறை கையில் பென்சிலோடு படியுங்கள். திரும்ப வரும் சொற்களின் கீழே கோடிடுவது எல்லோரும் செய்வதுதான். தமிழில் அது போதாது. நம் மொழியில் திரும்பி வருபவற்றுள் பாதி, சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வருபவை: "உம்", "ஏ", "ஓ", "ஏனும்", நான்காம் வேற்றுமை "கு". இவற்றைத் தனியாகப் புள்ளியிட்டுக் காட்டுங்கள். அடுத்து, சொற்கள் மாறியும் வாக்கியத்தின் அமைப்பு மாறாமல் வரும் இடங்களை ஓரத்தில் ஒரு கோட்டால் இணையுங்கள். இந்தக் கட்டத்தில் பொருள் சொல்ல முயல வேண்டாம்.

இரண்டாம் படி: யாப்பு கேட்டதையும் கவிஞர் விரும்பியதையும் பிரித்தல்

எதுகையும் மோனையும் திரும்ப வரும் ஒலிகள்தாம். ஆனால் அவை பாவின் கட்டளை. அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றி வந்ததை மட்டும் காட்டி "இங்கே கவிஞர் வலியுறுத்துகிறார்" என்று எழுதுவது, தேர்வுத்தாளில் நாம் அடிக்கடி காணும் வீண் வேலை. கட்டளைக்கு மேல் எவ்வளவு தந்திருக்கிறார் என்பதையே பார்க்க வேண்டும்.

திருநாவுக்கரசரைக் கல்லோடு கட்டிக் கடலில் எறிந்ததாகவும், அவர் பதிகம் பாடி மிதந்து திருப்பாதிரிப்புலியூர்க் கரை சேர்ந்ததாகவும் சைவ மரபு சொல்கிறது. கடலூரில் கரையேறவிட்டகுப்பம் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. அந்தப் பதிகத்தின் முதற்பாட்டு:

சொற்றுணை வேதியன் சோதி வானவன்
பொற்றுணைத் திருந்தடி பொருந்தக் கைதொழக்
கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும்
நற்றுணை யாவது நமச்சி வாயவே

எதுகைக்கு இரண்டாம் எழுத்தான "ற்" ஒன்றி வந்தாலே போதும். இங்கே "துணை" என்ற முழுச்சொல்லும் நான்கு அடிகளிலும் வந்து நிற்கிறது. எனவே இது கவிஞர் விரும்பிச் செய்தது. இனி ஒவ்வொரு துணையும் யாது என்று கேளுங்கள். முதலாவது சொல்லுக்குத் துணை. இரண்டாவது அடியிணை, அங்கே துணை என்பது இரட்டை என்ற பொருளில் வருகிறது. மூன்றாவது, மூழ்கடிப்பதற்காகச் சேர்த்துக் கட்டிய கல். அதற்கும் அதே பெயர். உயிரை வாங்க வந்த கல்லையும் "துணை" என்ற ஒலிக்குள் அடக்கிவிட்ட பிறகுதான் நான்காம் அடி "நற்றுணை" என்கிறது. கற்றுணை முன்னே நின்றதால்தான் "நல்" என்ற சிறிய அடைக்கு இத்தனை வலு. முன்னிரண்டு அடிகளில் துணை வராமல் போயிருந்தால் அந்த "நல்" வெறும் பாராட்டாக முடிந்திருக்கும்.

மூன்றாம் படி: திரும்பாதவற்றைப் பட்டியலிடுதல்

இந்தப் படியில் அவசரப்படக் கூடாது. இதற்கு நம் கடற்கரையை விட்டுப் பறம்புமலைக்குப் போக வேண்டியிருக்கிறது. இதைவிடத் தெளிவான பாட்டு எனக்குத் தெரியவில்லை. மூவேந்தர் முற்றுகையில் பாரி மாண்டபின் அவன் மகளிர் பாடியதாகப் புறநானூற்றில் உள்ள 112ஆம் பாட்டு:

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்
எந்தையும் உடையேம் எம்குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவில்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

ஒரு தாளை நடுவில் கோடிட்டுப் பிரித்து, இடப்பக்கம் திரும்பியவற்றை எழுதுங்கள்: திங்கள், வெண்ணிலவு, எந்தை, குன்று, நான்கு முறை வரும் "உம்". வலப்பக்கம் மாறியவற்றை எழுதுங்கள்: "அ" "இ" ஆயிற்று, "உடையேம்" "இலமே" ஆயிற்று, "பிறர்கொளார்" "கொண்டார்" ஆயிற்று. முதலடியும் மூன்றாம் அடியும் ஏறத்தாழ ஒரே அடி. இரண்டுக்கும் இடையில் ஒரு போரும் ஒரு மரணமும் நடந்திருக்கின்றன. அடியில் மாறியதோ ஒரு சுட்டெழுத்து. நிலவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைப் பாட்டு சொல்லவில்லை. அடியை அப்படியே திரும்பக் கூறி, நம்மையே அதை உணரவைக்கிறது.

வரிசையையும் பாருங்கள். முன்பு தந்தை முதலில், குன்று பிறகு. இப்போது குன்று முதலில், தந்தை கடைசியில். செய்தியாகச் சொல்ல வேண்டுமானால் "தந்தையும் இல்லை, குன்றும் போயிற்று" என்று பழைய வரிசையிலேயே சொல்லியிருக்கலாம். வரிசை தலைகீழானதால் "எந்தையும்" என்ற சொல் நற்செய்தியின் தொடக்கத்திலும் துயரச்செய்தியின் முடிவிலும் நிற்கிறது. மகளிர் வாயில் கடைசியாக வர மறுத்துத் தயங்கிய சொல் எது என்பது அந்த இடமாற்றத்தால் விளங்குகிறது. "உம்" செய்யும் வேலையும் அப்படித்தான்: முதலிரண்டு "உம்" இருப்பதை எண்ணுகின்றன, பின்னிரண்டு இழந்ததை எண்ணுகின்றன.

இன்னும் ஒன்று. ஆசிரியப்பாவில் ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்திய அடி, முச்சீராக வருவது இலக்கணம். அதன்படி நான்காம் அடி "வேந்தர்எம்" என்று நின்றுவிட, "குன்றும்" அடுத்த அடிக்குப் போகிறது. இரண்டாம் அடியில் "எம்குன்றும்" என்று ஒட்டியிருந்தது இங்கே அடியின் விளிம்பில் பிரிந்து, "எம்" வேந்தர் பக்கத்தில் தனியே நிற்கிறது. இதை யாப்பின் தற்செயல் என்று ஒருவர் சொல்லலாம். யாப்பு தந்த வாய்ப்பு என்று நான் கொள்கிறேன்.

நான்காம் படி: சொல்லின் பொருள் நகர்ந்ததா என்று பார்த்தல்

அணியிலக்கணம் இதற்குப் பின்வருநிலையணி என்று பெயரிட்டு மூன்றாகப் பிரிக்கிறது. சொல் மட்டும் திரும்பிப் பொருள் வேறாவது சொற்பின்வருநிலை. சொல் மாறியும் பொருள் ஒன்றாக வருவது பொருட்பின்வருநிலை. இரண்டும் ஒன்றாக வருவது சொற்பொருட் பின்வருநிலை. பெயர்கள் பயனுடையவையே. ஆனால் பெயரிட்டதோடு நின்றுவிடக் கூடாது.

"எல்லா விளக்கும் விளக்கல்ல சான்றோர்க்குப் பொய்யா விளக்கே விளக்கு" என்ற 299ஆம் குறளை மூன்றாம் வகைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். நான்கு இடத்திலும் பொருள் ஒன்றே என்பது அதன் கருத்து. எனக்கு அது முழுவதும் உடன்பாடில்லை. முதலில் வருவது எண்ணெயும் திரியும் உள்ள விளக்கு. இரண்டாவது, விளக்கு என்ற பெயருக்குத் தகுதி. மூன்றாவது பொய்யாமையாகிய உருவகம். நான்காவதில் அந்த உருவகமே பெயருக்கு உரியதாகி, முதல் விளக்கை வெளியே தள்ளிவிடுகிறது. ஏழு சீருக்குள் ஒரு சொல் தன் பழைய உரிமையாளரை விட்டுப் புதியவரிடம் போகிறது. நீங்கள் படிக்கும் கவிதையிலும் ஒவ்வொரு வரவுக்கும் பக்கத்தில், அந்த இடத்திற்கு மட்டும் பொருந்தும் உரையை ஐந்தாறு சொற்களில் எழுதிப் பாருங்கள். நான்கு உரைகளும் ஒன்றாகவே இருந்தால்தான் பொருள் நகரவில்லை என்று முடிவு செய்யலாம்.

ஐந்தாம் படி: எத்தனை முறை என்று எண்ணுதல்

ஒரு சொல் அடுக்கி வருவதற்குத் தொல்காப்பியம் எல்லை வகுத்திருக்கிறது: இசைக்காக அடுக்கினால் நான்கு, விரைவுக்காக அடுக்கினால் மூன்று. பாம்பு பாம்பு பாம்பு என்று கத்துகிறவர் நான்காவது முறை சொல்வதற்குள் ஓடியிருப்பார். இந்த எண்ணிக்கை உணர்ச்சியின் அளவு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, பாரதி புதுச்சேரியில் எழுதிய குயில் பாட்டில் குயில் பாடுவதைக் கேளுங்கள்:

காதல், காதல், காதல்;
காதல் போயிற் காதல் போயிற்
சாதல், சாதல், சாதல்

மூன்று, இரண்டு, மூன்று. நடுவடியில் "காதல் போயின்" என்பது ஒரு நிபந்தனை. ஒரு முறை சொன்னால் வாதம். இரண்டு முறை சொன்னால் நா தடுக்குகிறது. நிபந்தனையைச் சொல்லி முடித்து விளைவுக்குப் போக வேண்டிய குரல், அந்த விளைவைச் சொல்லத் துணியாமல் அதே இடத்தில் ஒரு முறை சுற்றிவிட்டுப் பிறகு விழுகிறது. காதலுக்கும் சாதலுக்கும் ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. மும்முறை ஒலித்துப் பழகிய காதுக்கு அந்த ஓர் எழுத்து பெரிதாகக் கேட்கிறது. தொடரும் கண்ணிகளிலும் இன்பம் மும்முறை வந்து துன்பம் மும்முறையாக முடியும் அமைப்பு வருவதால், இங்கே பொருளைக் கொண்டுசெல்வது எண்ணிக்கையே என்று துணிந்து சொல்லலாம்.

ஆறாம் படி: எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தல்

அடியின் தலையில் திரும்பும் சொல் கேட்பவரைத் தட்டி எழுப்பும்; ஈற்றில் திரும்புவது தீர்ப்புப்போல் விழும். இதை நீட்ட வேண்டியதில்லை. அதிகம் கவனிக்கத்தக்கது மூட்டுவாய், அதாவது ஒரு பாட்டின் முடிவே அடுத்ததன் தொடக்கமாகும் அந்தாதி. புதுச்சேரி மாநிலத்தின் ஒரு பகுதியான காரைக்காலில் பிறந்த அம்மையாரின் அற்புதத் திருவந்தாதியில் முதல் வெண்பா "எஞ்ஞான்று தீர்ப்பது இடர்" என்று முடிகிறது. அடுத்தது இப்படித் தொடங்குகிறது:

இடர்களையா ரேனும் எமக்கிரங்கா ரேனும்
படரும் நெறிபணியா ரேனும்

முதல் "இடர்" கேள்வியின் கடைசிச் சொல்: என் துன்பத்தை நீ என்றைக்குத்தான் தீர்ப்பாய்? இரண்டாவது "இடர்" அந்தக் கேள்வியையே கைவிடும் சொல்: தீர்க்காவிட்டாலும் சரி. இரண்டு வெண்பாக்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தில் கேட்டவர் விடையை எதிர்பார்த்து நின்றார், விடை வரவில்லை, அதே சொல்லை எடுத்துக்கொண்டு வேறு வழியில் நடந்துவிட்டார். முதல் வெண்பாவில் "நின் சேவடி" என்று முன்னிலையில் பேசியவர், இரண்டாவதில் "அவர்க்கு" என்று படர்க்கைக்கு மாறியிருப்பதையும் சேர்த்துப் பாருங்கள். நேரே கேட்பது நின்றுவிட்டது. அன்பு நிற்கவில்லை என்பதை "அன்பறாது என் நெஞ்சு" என்ற தொடர் சொல்லிவிடுகிறது. அந்தாதியை நினைவில் வைப்பதற்கான உத்தி என்று மட்டும் சொல்லிக்கொடுப்பது அம்மையாருக்குச் செய்யும் அநீதி.

ஏழாம் படி: நீண்ட பாட்டில் ஈற்றடியைத் தொடர்தல்

மீண்டும் நாவுக்கரசரின் பதிகத்துக்கு வருவோம். ஒன்பது பாட்டுகள் "நமச்சிவாயவே" என்று முடிகின்றன. இத்தகைய ஈற்றைப் பல்லவிபோல் கடந்துபோவது நம் வழக்கம். அதற்குப் பதிலாக, ஈற்றுக்கு முன்னால் நிற்கும் சொற்களை மட்டும் வரிசையாக எழுதுங்கள். "நாவினுக்கு அருங்கலம்" என்பது இரண்டாம் பாட்டு; "நங்களுக்கு அருங்கலம்" என்பது ஐந்தாம் பாட்டு. ஒருவர் நாவின் அணியாக இருந்தது, மூன்று பாட்டுகளுக்குள் எல்லோருக்கும் உரிய அணியாகிவிட்டது. அந்த இரண்டு பாட்டுகளிலும் "அருங்கலம்" நான்கு அடிகளிலும் வருவதால் இந்த ஒப்பீட்டைக் கவிஞரே நமக்கு எடுத்துத் தந்திருக்கிறார் எனலாம்.

பத்தாம் பாட்டில் ஈறு மாறுகிறது. ஐந்தெழுத்து மூன்றாம் அடியில் "நமச்சிவாயப்பத்து" என்று பதிகத்தின் பெயராக உள்ளே போய்விட, பாட்டு "இடுக்கண் இல்லையே" என்று முடிகிறது. இந்த "இடுக்கண்" புதிதன்று. நான்காம் பாட்டு "இடுக்கண் பட்டிருக்கினும்" என்று தொடங்கியது. அங்கே இருந்த துன்பம் இங்கே இல்லை. ஒன்பது முறை ஒரே இடத்தில் கேட்டுப் பழகிய காது பத்தாவது முறையும் அதே ஒலியை எதிர்பார்க்கும்போது, அந்த இடத்தில் துன்பம் இல்லை என்ற செய்தி வந்து அமர்கிறது. பழக்கியதைக் கடைசியில் மாற்றும் இந்த உத்தி பிற்காலத்திலும் கைமாறாமல் வந்திருக்கிறது. பாரதிதாசன் "தமிழுக்கும் அமுதென்று பேர்" என்று தொடங்கி, "பேர்" என்ற முடிவையே சில முறை பழக்கிவிட்டு, "தமிழ் எங்கள் இளமைக்குப் பால்" என்று பெயரிடுவதை விட்டு நேராக உறவு சொல்லத் தொடங்குவது அவ்வகைதான்.

என் அளவுகோல் செல்லாத இடமும் ஒன்று உண்டு. வள்ளலார் 1872இல் இயற்றிய அருட்பெருஞ்ஜோதி அகவல் 1596 அடிகள் கொண்டது. "அருட்பெருஞ்ஜோதி" என்ற தொடர் அதில் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கிறது. வடலூரில் அதைக் கூட்டாக ஓதுவதைக் கேட்டவர்களுக்குத் தெரியும், சிறிது நேரத்தில் அந்தத் தொடரைச் சொல்லாகக் கேட்பது நின்று, மூச்சாகக் கேட்கத் தொடங்குவோம். அங்கே ஒவ்வொரு வரவுக்கும் தனி உரை தேடுவது பயனற்றது. கடலோரத்தில் வலை இழுக்கையில் ஒருவர் பாட, மற்றவர்கள் "ஏலேலோ" என்று வாங்கிப் பாடுவதும் இந்த வகையைச் சேர்ந்ததே. அந்த ஒலியின் வேலை கைகளை ஒன்றாக இழுக்கவைப்பது. ஓதுவதற்கும் உழைப்பதற்கும் பிறந்த திரும்பக் கூறலை ஏட்டுக்கவிதையின் கண்ணால் பார்த்துக் குறை சொல்லாதீர்கள்.

எட்டாம் படி: உங்கள் கவிதையில் சோதித்தல்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் சாய்ந்தன. அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் வருவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

புயல் வந்தது, புயல் வந்தது
முந்திரி விழுந்தது, முந்திரி விழுந்தது
எல்லாம் போயிற்று, எல்லாம் போயிற்று

இரண்டாவது பாதியைக் கையால் மறைத்துப் படித்துப் பாருங்கள். எதுவும் குறையவில்லை. சொன்னதையே உரக்கச் சொல்வதைத் தவிர, திரும்பியவை இங்கே வேறொன்றும் செய்யவில்லை. மாதிரிக்காக அதை நான் இப்படி மாற்றி எழுதுகிறேன்:

முந்திரி விழுந்தது, அப்பா வைத்தது
பலா விழுந்தது, அப்பா வைத்தது
வேலியோரப் பூவரசும் விழுந்தது, தாத்தா வைத்தது
அப்பா அரிவாளை எடுத்தார்
விறகுக்கு ஆள் வரும் என்றார்

இது பெரிய கவிதை என்று சொல்லவரவில்லை. வேலை எப்படி நடக்கிறது என்று காட்டவே எழுதினேன். "விழுந்தது", "வைத்தது" இரண்டும் மும்முறை நிற்கின்றன. மூன்றாம் அடியில் அப்பாவின் இடத்தில் தாத்தா வருவதால் இழப்பு ஒரு தலைமுறை பின்னே போகிறது. அங்கே சேர்ந்த "உம்" அதற்குத் துணைசெய்கிறது. நான்காம் அடியில் அமைப்பு உடைந்து, இதுவரை மரம் வைத்தவராக மட்டும் பேசப்பட்ட அப்பா எழுவாயாகிறார். மூன்றாம் அடியிலும் "அப்பா" என்றே எழுதிப் பாருங்கள். கவிதை நகராமல் நின்றுவிடும். ஆறேழு மரம் அடுக்கிப் பாருங்கள். கணக்கெடுப்பு அதிகாரியின் படிவமாகிவிடும்.

சோதனை செய்யும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். திரும்பிய சொல்லை எடுத்துவிட்டால் பொருள் குறைகிறதா? அதன் இடத்தில் அதே பொருள் தரும் வேறொரு சொல்லை வைத்தால் கெடுகிறதா? முதல் வரவையும் கடைசி வரவையும் இடம் மாற்றினால் கவிதை வேறாகிறதா? மூன்றாவது கேள்விக்குத்தான் நான் அதிக மதிப்புத் தருவேன். இடம் மாற்றியும் ஒன்றும் ஆகவில்லை என்றால், நடுவில் எதுவுமே நடக்கவில்லை என்று பொருள்.

பிறகு அதை வேறொருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, நீங்கள் கேளுங்கள். படிப்பவர் திரும்ப வரும் சொல்லை ஒவ்வொரு முறையும் ஒரே குரலில் விரைவாகக் கடந்துபோனால் அந்த இடத்தை வெட்டுங்கள். கேட்காமலே அவர் குரல் ஓரிடத்தில் தாழ்ந்தோ நின்றோ போனால் அந்த வரவைத் தொடாமல், அதற்கு முன்னுள்ளவற்றைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள்.